கார் மிஸ்ஸிங் அடிக்கிறதா? முதலில் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

நிற்கும்போது வண்டி உதறுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை. மிஸ்ஸிங் என்பது இதுதான். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். தீப்பொறியால் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், அந்தப் பொறிக்கு மின்சாரம் தரும் காயில், இவற்றைவிட அது பல மடங்கு விலை.

கடலூர்க்காரர்கள் உடனே புதுச்சேரி எல்லை தாண்டி முள்ளோடையில் போட்ட பெட்ரோலைத் திட்டுவார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் பெரும்பாலும் எல்லா சிலிண்டரும் சேர்ந்தே திணறும். அதனால் எது திணறுகிறது என்று முதலில் பார்ப்போம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் ஸ்கேனரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போன் ஆப்பில் எரர் கோடைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒன்றில்லை. பெட்ரோல், ஏர் லீக் என்று வேறு பக்கம் தேட வேண்டும். பெரும்பாலான கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்து சிலிண்டர்தான் ஒன்று.

பி0303 என்றே வைத்துக்கொள்வோம். பிளக் ஒவ்வொன்றின் மேலும் தனி காயில் இருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும். இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். மூன்றாவது காயிலின் கனெக்டரைக் கழற்றி போல்ட்டை எடுத்து, காயிலை மேலே உருவுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டி என்றால் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். உப்புக்காற்றின் வேலை அது. கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பிளக் குழிக்குள் தண்ணீரும் தேங்கியிருக்கலாம்.

அப்புறம் முக்கியமான வேலை. மூன்றாவது காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவதை மூன்றாவதிலும் மாட்டி, எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு காயிலை மாற்றினால் போதும். கடையில் நான்கையும் மாற்றச் சொன்னால் தலையாட்டாதீர்கள். இன்ஜின் ஓடும்போதே கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம்; ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டருக்கும் கேடு.

எரர் கோடு பி0303 ஆகவே நின்றால் பிளக்கைப் பாருங்கள். குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்ற வேண்டும், இல்லையென்றால் மணல் சிலிண்டருக்குள் விழும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. புதிய பிளக்கின் இடைவெளி வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். கையாலேயே திருகி உட்காரவைத்துவிட்டு, பெட்டியில் போட்டிருக்கும் அளவு மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு.

அதற்கும் மசியவில்லையா? மிச்சம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற கம்ப்ரஷன். இரண்டும் ஒர்க்‌ஷாப் வேலை. கம்ப்ரஷன் டெஸ்டை முதலில் செய்யச் சொல்லுங்கள்.