சொந்தக் காரில் முதல் டிராக் டே: வடசென்னைக் கார்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன

கார் பந்தயம் வடசென்னைக்குப் புதிதல்ல. செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் உள்ள உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபின் எல்லாம் அங்கே போய்விட்டது. அது 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இன்று திருவொற்றியூர்க்காரரும் பெரம்பூர்க்காரரும் டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போக வேண்டுமென்றால், மாதவரம் வழியாகப் புழலில் பைபாஸைப் பிடித்து, மதுரவாயலில் பெங்களூரு நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் இருப்பவர்கள் வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை வரை வந்து அதே நெடுஞ்சாலையில் சேரலாம்.

முதல் முறை போகிறவர்கள் காசை எஞ்சினில் கொட்டுகிறார்கள். புது ஏர் ஃபில்டர், சத்தமான சைலன்சர், எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றும் ரீமேப். ஆனால் டிராக்கில் ஒரு சாதாரணக் காரை முதலில் கைவிடுவது பிரேக். அடுத்தது டயர், அதற்கடுத்தது கூலிங். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே வாழும் காருக்கு இந்த மூன்றிலும் தனித்தனிச் சிக்கல் உண்டு. உப்புக்காற்று பிரேக்கைப் பிடிக்கிறது, கன்டெய்னர் லாரி ஓடும் சாலை டயரைக் கெடுக்கிறது, உவர்த் தண்ணீர் ரேடியேட்டரைக் கெடுக்கிறது.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது

டப்பாவில் மேக்ஸ் கோடு வரை ஆயில் இருக்கலாம். அதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230-இலிருந்து 155. டாட் 5.1 என்றால் 260-இலிருந்து 180. ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும் கடலோர ஊரில் இரண்டு வருடப் பழைய ஆயிலை நம்பி டிராக்கில் இறங்கக் கூடாது.

40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்துவதைவிட, 120-இலிருந்து 60-க்குக் குறைப்பதில் ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம் பிறக்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் நாள் முழுக்க பிரேக் மிதித்தாலும் இந்தச் சூடு வராது. டிராக்கில் இதே வேலை ஒவ்வொரு சுற்றிலும் பல முறை நடக்கும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் பெடல் பஞ்சு மாதிரி கீழே இறங்குகிறது.

டாட் 3 அல்லது டாட் 4 குறிப்பிட்ட காருக்கு நல்ல டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கிறது. அது சிலிகான் ஆயில், இவற்றோடு சேராது. பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுகிறார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டர் போதும், சீல் உடையாத டப்பாவாக இருக்கட்டும். நான்கு சக்கரத்திலும் பழைய கறுத்த ஆயில் முழுக்க வெளியேறித் தெளிவான ஆயில் வரும் வரை எடுக்க வேண்டும். பல கார்களில் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று, பெடல் மிதியை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பக்கத்திலிருந்து வருவார்கள். சில ஏ.பி.எஸ். கார்களில் வரிசை வேறு, அதற்கு சர்வீஸ் மேனுவல்தான் கணக்கு. மேலே டப்பாவில் ஆயில் மினிமம் (MIN) கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த வேலையை முந்தைய நாள் வைத்துக்கொள்வது பெரிய தவறு. கடற்கரைப் பக்கக் கார்களில், பழைய ஆயிலை வெளியேற்றத் திறக்கும் ப்ளீடர் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். வலுவாகத் திருகினால் தலை முறிந்துவிடும், பிறகு கேலிப்பரையே கழற்ற வேண்டி வரலாம். இரண்டு வாரம் முன்பே, முதல் நாள் இரவு நிப்பிளைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மறுநாள் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரால் திறக்கச் சொல்லுங்கள். வாய் ஸ்பேனர் முனைகளை உருட்டிவிடும்.

பேடை மட்டும் மாற்றிவிட்டு ஸ்லைடு பின்னை மறப்பது

பேடின் தடிமன் 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புதிது போடுங்கள். தேய்ந்த பேட் சூட்டை அப்படியே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். ஆனால் புது பேட் போட்டும் பலன் இல்லாமல் போவதற்கு நம் பகுதியில் முதல் காரணம், கேலிப்பர் நகர்வதற்கான கம்பியான ஸ்லைடு பின். உப்பும் ஈரமும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். பழைய பேடுகளைக் கழற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். உள்பக்க பேட் அதிகமாகவும் வெளிப்பக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் நகரவில்லை என்று பொருள். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்கு மேல் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

புது பேடோடு நேராக டிராக்குக்குப் போகாதீர்கள். காலியான நேரத்தில் 60-இலிருந்து 10 கிலோமீட்டருக்கு மிதமாகப் பத்துப் பதினைந்து முறை குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பதப்படுத்த வேண்டும். முழுதாக நிறுத்தி பிரேக்கைப் பிடித்தபடி நிற்கக் கூடாது.

டயர்

மணலியிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் தினமும் ஓடும் காரில் பஞ்சர் ஒட்டாத டயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் பஞ்சர் துளையில் ஒரு ரப்பர் ஸ்ட்ரிப் செருகிய டயர் ஊருக்குள் வருடக்கணக்கில் ஓடும். வளைவில் கார் எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து, ரப்பரும் கொதிக்கும்போது அதே ஸ்ட்ரிப் பிடுங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. உள்பக்கம் பேட்ச் வைத்து ஒட்டியிருந்தால் பரவாயில்லை, ஸ்ட்ரிப் மட்டும் என்றால் அந்த டயரோடு போக வேண்டாம். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் பேச்சே இல்லை, மாற்றியே ஆக வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி உள்பக்கச் சுவரையும் பாருங்கள், பள்ளத்தில் அடிபட்ட புடைப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டயரில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டு தாண்டியது என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் டிராக்குக்கு வேண்டாம்.

காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று 24, 25 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது ரேஸ் டயருக்கான பழக்கம். சாதாரண டயரில் பக்கச் சுவர் மடிந்து தோள்பட்டை தேய்ந்து பாழாகும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைக் குளிர்ந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள். ஓடி வந்ததும் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். பிட்டில் (தடத்தோரம் கார்கள் நிற்கும் இடம்) நின்ற உடனே சொந்த கேஜில் பார்த்து நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட அதிகம் ஏறியிருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். மாலை ஆறிய பின் திரும்ப நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது, சிறிய ஏர் பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

வீல் நட்டுகளைப் பஞ்சர் கடை ஏர் கன் இறுக்கியது போதும் என்று விடாதீர்கள். சிறிய கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்குரிய எண் மேனுவலில் இருக்கும். கன் அதைத் தாண்டி இறுக்கி, நட்டு ஏறும் ஸ்டட்டை இழுத்துவிடும். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச் ஒன்று வாங்குங்கள், பாரிமுனையின் ஹார்டுவேர் தெருக்களில் கிடைக்கும். முதல் செஷன் (ஒரு முறை தடத்தில் ஓட்டும் நேரம்) முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். துருப்பிடிக்காமல் இருக்க ஸ்டட்டில் கிரீஸ் பூசும் பழக்கம் கெடுதல், அளவைத் தாண்டி இறுகும்.

போர்வெல் தண்ணீர்

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்திருப்பது ஊரறிந்தது. அந்த மாதிரித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி வந்த காருக்கு உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் சுருங்கியிருக்கும். நகருக்குள் ஃபேன் சமாளித்துவிடும், டிராக்கில் வெப்ப ஊசி ஏறும். ஒரு வாரம் முன்பு ஃப்ளஷ் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் புதிதாக இருக்கட்டும், குச்சியில் மேல்கோட்டுக்கு வரட்டும். கோட்டைத் தாண்டினால் நுரைக்கும், கீழே இருந்தால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

பெட்ரோல் கணக்கு சுலபம். சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்றால் 20 நிமிடச் செஷனில் 8 சுற்று, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நான்கு செஷனுக்கு 120. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 24 லிட்டர். கால் டேங்குக்குக் கீழே ஓடினால் வளைவில் எஞ்சின் திணறலாம்.

காருக்குள் மறந்துவிடுவது

டேஷ்போர்டுப் பிள்ளையாரை முதல் நாளே எடுத்து வீட்டுச் சாமியறையில் வைத்துவிட்டு வாருங்கள். பசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் கடும் பிரேக்கில் கழன்று பெடலுக்கு அடியில் உருளலாம். முன்னால் தொங்கும் எலுமிச்சை, மிளகாய், கறுப்புக் கயிறு எல்லாமே எடுக்க வேண்டியவை. ஓட்டுநர் பக்க மிதியடி, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் பிட்டில் இறங்கட்டும். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். இழுவைக் கொக்கியை மட்டும் கையோடு வைத்திருங்கள், பம்பரில் அதன் மரை துருவேறாமல் முழுக்கத் திருகுகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். கார் மணலில் இறங்கினால் அதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

முழுமுகம் மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. பாலியஸ்டர் ஜெர்சி தீப்பட்டால் தோலோடு ஒட்டும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், தலை கூரையில் முட்டினால் சீட்டை இறக்க வேண்டும். நாள் முழுக்க மோரும் தண்ணீரும் குடித்துக்கொண்டே இருங்கள்.

காப்பீடு, ஒத்திகை

நம் தனியார் கார் காப்பீட்டுப் பாலிசியில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்குப் பயன்படுத்துவது விலக்கப்பட்டிருக்கிறது. டிராக்கில் இடித்தால் செலவு உங்களுடையது என்று எண்ணியே ஓட்டுங்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாத கார் என்றால் இந்த முறை பார்வையாளராகப் போய்வரலாம், தப்பே இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிராக்குக்கு முன் பழகிக்கொள்கிறோம் என்று இரவில் வெளிவட்டச் சாலையிலோ எண்ணூர்ச் சாலையிலோ விரட்டாதீர்கள். விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் டிரெய்லர்களில் மோதிச் சாகிறவர்கள் நம் பகுதிப் பிள்ளைகள். டிராக் இருப்பதே அதற்கு மாற்றாக.

தடத்தில்

காலையில் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் கொடிக்கு முந்தக் கூடாது. சிவப்புக்கு மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலத்துக்குப் பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிட வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் தரை வழுக்குகிறது. எங்கே முந்தலாம், எந்தக் கையால் சைகை காட்ட வேண்டும் என்பதை அங்கேதான் சொல்வார்கள்.

முதல் இரண்டு சுற்று டயருக்கும் பிரேக்குக்கும் சூடேற்ற மட்டுமே. பிரேக்கைக் கார் நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு வளையுங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால் பின்பக்கம் இலேசாகி வீசிவிடும். இரண்டு சக்கரம் தடத்தைவிட்டு இறங்கினால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல், நேராகவே விட்டு வேகம் குறைந்த பின் ஏறுங்கள். கார் சுழலத் தொடங்கினால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுக்க மிதியுங்கள். கார் சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. இருந்தால் அணைக்கவே வேண்டாம்.

பெடல் நீண்டு மென்மையானால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. பெடல் மென்மையானால் பலமுறை அடியுங்கள். மற்றபடி இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கியரைக் குறைத்து, வேகத்தை விட்டுவிட்டு அந்தச் சுற்றிலேயே உள்ளே வருவது. இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்ற ஆசையில்தான் மண்ணில் போய் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாத அளவு மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் முன் பேட் தடிமன், டயரின் தோள்பட்டை, ஆயில் குச்சி, வீல் நட் இவற்றைப் பாருங்கள். பெடல் கொஞ்சமேனும் மென்மையாகத் தெரிந்தால் பைபாஸில் ஏறாதீர்கள். டோ வண்டிக்குச் சொல்லுங்கள், மறுநாள் பிரேக் ஆயிலை மறுபடி மாற்றுங்கள்.