பூட்டிய பாக்கெட்டில் டொரண்ட் தேடும்போது செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியிலோ, தெருவுக்கு நெட் கொடுக்கும் கேபிள்காரரிடமோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் லைன் இழுக்க ஆரம்பித்தால் முதல் சந்தேகம் டொரண்ட் மேல்தான் விழும்; ஒரு கோப்பைப் பல கணினிகள் துண்டு துண்டாகத் தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் முறை அது. சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். அதை உறுதிசெய்யும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

போர்ட் எண்ணை, அதாவது கணினியில் ஒவ்வொரு மென்பொருளும் பேசும் கதவின் எண்ணை, நம்புவது பழைய பழக்கம். 6881 முதல் 6889 வரை மூடினால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது; இன்றைய மென்பொருள்கள் பலவும் தாமாகவே வேறொரு எண்ணை எடுத்துக்கொள்கின்றன. பாக்கெட்டுக்குள் (நெட்டில் போகும் தகவல் பொட்டலத்துக்குள்) பெயர் தேடுவதும் பாதிதான் பலன் தரும். மறைக்காத பிட்டொரண்ட் (டொரண்ட் பேசும் நெறிமுறை), 19 என்ற பைட்டில் தொடங்கி நெறிமுறையின் பெயரை அப்படியே சொல்லும். அந்த அறிமுகம் மொத்தம் 68 பைட். மறையாக்கத்தைப் போட்டு உள்ளே இருப்பதைப் பூட்டிவிட்டாலோ, முதலில் வருவது 96 பைட் சாவி, அதன் பின்னால் 0 முதல் 512 பைட் வரை வெறும் நிரப்பு. ‘ஒன்றும் புரியாத பைட்டாக இருக்கிறது, ஆகவே டொரண்ட்’ என்று விதி எழுதினால் சில விபிஎன்களும் (எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவைகளும்) அதில் மாட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒவ்வொரு இணைப்பையும் தனியாக எடைபோடுவது. பார்க்க வேண்டியது அந்தக் கணினியின் நடமாட்டத்தை. டவுனில் ஒரே அல்வாக் கடையில் நின்று ஐந்து கிலோ வாங்குவது வீடியோ பார்ப்பது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பிடி பிடியாக வாங்கி, கையில் இருப்பதையும் கொடுத்துவிட்டு வருவது டொரண்ட்.

அந்தக் கணினியின் ஐந்து நிமிட நெட் போக்குவரத்துப் பதிவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பிரவுசரும் நிறைய இணைப்பு திறக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் புது போர்ட், அந்தப் பக்கம் பெரும்பாலும் பாதுகாப்பான இணையதளங்களின் 443. டொரண்டில் தலைகீழ்: இந்தப் பக்கம் ஒரே யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட் அனுப்பும் முறை) போர்ட், அந்தப் பக்கம் பல நாட்டு ஐபிகள் (கணினிகளின் நெட் முகவரிகள்), ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு போர்ட். அதே ஐபிகளில் சிலவற்றோடு டிசிபியிலும் (முதலில் இணைப்பை உறுதிசெய்துவிட்டு அனுப்பும் முறை) பேச்சு நடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதை ரூட்டருக்கு உள்பக்கம் அளக்க வேண்டும். பல கணினிகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் நாட் (NAT) தாண்டிவிட்டால் போர்ட் எண் மாறக்கூடும், நாலு அறைப் பையன்களும் ஒரே ஐபியாகத் தெரிவார்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று பதில் வராத இணைப்புகளைத் தூக்கி எறிவது அடுத்த தவறு. டொரண்ட் பட்டியலில் எப்போதோ கணினியை அணைத்துவிட்டுப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தோற்கும் முயற்சிகள்தான் உங்கள் நல்ல சாட்சி. சின்ன யூடிபி பாக்கெட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். கோப்பை மறைத்து அனுப்பினாலும், கோப்பு யாரிடம் இருக்கிறது என்று ஆள் தேடும் டிஎச்டி (DHT) செய்திகள் பொதுவாகத் திறந்தே போகின்றன. ஆயிரத்தில் ஒரு பாக்கெட் என்று மாதிரி எடுத்தால் இவை கண்ணிலேயே படாமல் போகலாம். விடுதிக்குள் ஒருவரையொருவர் தேடும் அழைப்பு 239.192.152.143 என்ற முகவரிக்கு, 6771 போர்ட்டில் போகும்; அது வெளியே போகும் வாசலில் தெரியாது, உள் ஸ்விட்சில்தான் தெரியும்.

அப்லோடு அதிகம் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சிசிடிவியும் போட்டோ பேக்கப்பும் அப்படித்தான், ஆனால் ஒன்றிரண்டு இடங்களுக்கு. விண்டோஸ் அப்டேட்டும் 7680 போர்ட்டில் கணினிக்குக் கணினி பங்கு போட்டுக்கொள்ளும். உபுண்டுவையே டொரண்டில் தருகிறார்கள். ஆக, டொரண்ட் என்று தெரிந்தால் திருட்டு என்று ஆகிவிடாது. விபிஎன் போட்டவர் விஷயத்தில் எல்லாம் ஒரே குழாயில் போகும். அங்கே ‘தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை.

‘99 சதவீதம் துல்லியம்’ என்று விற்கும் கருவிக்கு ஒரு கணக்கு. ஒரு லட்சம் இணைப்பில் டொரண்ட் 1,000 என்று வையுங்கள். அதில் 990ஐப் பிடிக்கும். மீதி 99,000இல் ஒரு சதவீதம் தவறினாலும் இன்னொரு 990. பிடிபட்டதில் பாதி நிரபராதி.

புகார் வெறும் வேகம் பற்றியது என்றால் ஆளைத் தேடவே வேண்டாம், அப்லோடுக்கு வரம்பு போடுங்கள். ஆனால் கணினி வாரியாகப் போட வேண்டும். இணைப்பு வாரியாகப் பங்கு பிரித்தால், 200 இணைப்பு திறந்து வைத்திருப்பவனுக்கு 200 பங்கு போய்விடும்.