லீ-என்ஃபீல்டு எண் 4 ரைஃபிளில் ஹெட்ஸ்பேஸ் சரிபார்க்கும் முறை

பிரிட்டிஷ் படை பயன்படுத்திய லீ-என்ஃபீல்டு எண் 4 ரைஃபிளை உதிரி உறுப்புகளிலிருந்து கூட்டிச் சேர்ப்பவரும், பழைய ரைஃபிளுக்கு வேறொரு போல்ட்டை (குழலின் பின்வாயை மூடிப் பூட்டும் உறுப்பை) பொருத்துபவரும், முதல் தோட்டாவைச் சுடுமுன் ஹெட்ஸ்பேஸைக் கேஜ் (துல்லிய அளவுள்ள சோதனைத் துண்டு) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். .303 தோட்டாவின் அடியிலுள்ள விளிம்பு குழலின் பின்முகத்தில் தடுத்து நிற்கிறது. போல்ட் பூட்டிய நிலையில் அந்தப் பின்முகத்துக்கும் போல்ட்டின் முன்முனைத் துண்டான போல்ட் ஹெட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளியே இங்கு ஹெட்ஸ்பேஸ் ஆகும். இது மிகுந்தால், சுடும்போது பித்தளை உறையின் முன்பகுதி, தோட்டா அமரும் அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னோக்கி நகர்ந்து, அடிக்குச் சற்று மேலே உறை மெலிந்து அறுந்துபோகக்கூடும். அப்போது உயரழுத்த வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

தோட்டாக்கள் எவையும் சோதனை மேசையில் இருக்கக் கூடாது. மேகசினைக் கழற்றி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின், போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி) அதன் ஸ்பிரிங்கையும் எக்ஸ்ட்ராக்டரையும் (உறையை வெளியே இழுக்கும் கொக்கி) எடுத்துவிட வேண்டும். இந்த ரைஃபிள் போல்ட்டை மூடும்போதே காக் ஆவதால் (ஸ்பிரிங் அழுந்திச் சுடத் தயாராவதால்), ஸ்பிரிங் இருந்தால் கையில் உணரப்படும் தடை கேஜினுடையதா ஸ்பிரிங்கினுடையதா என்று தெரியாது. அறையையும் போல்ட் முகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். ஒரு பித்தளைத் துகள்கூட அளவைப் பொய்யாக்கிவிடும்.

பிறகு கேஜை வைத்து, போல்ட் கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் இறக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் போல்ட்டின் சாய்தளங்கள் விசையைப் பெருக்கி, மூடக் கூடாத கேஜின் மீதும் மூடிவிடும். 0.064 அங்குல கோ கேஜில் போல்ட் முழுமையாக மூட வேண்டும், 0.067 அங்குல நோ-கோ கேஜில் முழுமையாக மூடக் கூடாது, 0.070 அங்குல ஃபீல்டு கேஜில் மூடினால் அந்த ரைஃபிளைச் சுடவே கூடாது. பிரிட்டிஷ் படை 0.074 அங்குலம் வரை ஏற்றது உண்மைதான். ஆனால் படைவீரர் ஓர் உறையை ஒரு முறைதான் சுட்டார். அதே உறையில் மீண்டும் மீண்டும் மருந்து நிரப்புவோர் அந்த எல்லையை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

அளவு மிகுந்திருந்தால், 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் ஹெட்டுகளில் அடுத்த நீளமானதைப் பொருத்தலாம். எண்ணை மட்டும் நம்பாமல், மாற்றும் ஒவ்வொரு முறையும் கோ கேஜிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும். எண் 3-லும் தேறாவிட்டால் பூட்டும் முனைகளோ அவை தாங்கும் இடங்களோ தேய்ந்திருக்கலாம். அதன் பின் அது தேர்ந்த ஆர்மரரின் (ஆயுதம் பழுதுபார்ப்பவரின்) வேலை.

சுட்ட உறையின் தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) முன்னோக்கி உப்பியிருப்பதை ஹெட்ஸ்பேஸ் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; .303 அறைகள் தாராளமாகவே கடையப்பட்டவை. ஆனால் இந்தியாவின் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் உருவான 7.62 மி.மீ. 2ஏ1 ரைஃபிளுக்கு மேற்சொன்ன கேஜுகள் பொருந்தா. அதன் தோட்டா விளிம்பில் அல்ல, தோளில் தடுத்து நிற்பதால் அதற்குரிய கேஜுகளே வேண்டும்.