சிலிர்ப்பா, வலிப்பா? சின்னக் குழந்தை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரே காலையில் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர் ஒன்றரை வயதுப் பையனுக்கு ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை) எழுதினார். ஆறு மாதப் பெண் குழந்தைக்கு வயிற்று வலிச் சொட்டு மருந்து எழுதினார். இரண்டு சீட்டையும் நான் கிழிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவரைத் திட்ட மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன், அதற்கான விலையை ஒரு குழந்தை கொடுத்தது.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பது, வாயில் ஸ்பூனை நுழைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அது கூடாது என்று இப்போது அநேகமாக எல்லோருக்கும் தெரியும்.

பார்க்கப் பயமாக இருந்தால் நோயும் பெரிது என்று நினைப்பது

அந்த ஒன்றரை வயதுப் பையன் சோற்றைக் கண்டதும் உடம்பைக் குலுக்குகிறான். முதுகில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி தலையும் தோளும் படபடவென்று சிலிர்க்கின்றன. மூன்று நான்கு விநாடிதான். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல "ஆ" என்று வாயைத் திறக்கிறான். அம்மா பயந்துபோயிருந்தார். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்.

கைக்குழந்தைப் பருவத்திலோ நடை பழகும் வயதிலோ இந்தச் சிலிர்ப்பு தொடங்கும். புதுப் பொம்மை, புளிப்பான பழம், கோபம், சந்தோஷம், மூத்திரம் போகும் நேரம் என்று ஏதோ ஒன்று அதைக் கிளப்பிவிடும். சில குழந்தைகளுக்கு ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை கூட வரும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நேரத்தில் குழந்தை நம்மோடு இருக்கிறதா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, கவனத்தை வேறு பக்கம் இழுத்தால் சிலிர்ப்பு நிற்கிறதா, முடிந்ததும் உடனே விளையாடப் போகிறதா? வளர்ச்சியும் வயதுக்கேற்றபடி இருந்தால் மருந்து வேண்டாம். வளர வளரத் தானாகக் குறைந்து மறைந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுத்து, எந்நேரமும் தூங்கி வழிய வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கையைப் பிடித்துப் பார்க்காமல் இருப்பது

நடுங்கும் கையை மெதுவாகப் பிடியுங்கள். பிடித்ததும் அடங்கினால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே வெட்டி வெட்டி இழுத்தால் வலிப்பாக இருக்கலாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தை தூக்கத்தில் மட்டும் கைகாலை உதறினால், பிடித்தாலும் நிற்காது. எழுப்பிப் பாருங்கள். விழித்ததும் நின்றுவிட்டால் பயமில்லை.

அடுக்கடுக்காக வருவதை "வயிற்று வலி" என்று விடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான்.

நான் படிப்பு முடித்து வந்த புதிது. ஐந்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாவும் பாட்டியும் வந்தார்கள். குழந்தை தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரிக்கிறான், அவற்றை முன்னால் கொண்டுவந்து தலையைக் குனிகிறான். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. உடம்பு தளர்கிறது. முகத்தைச் சுளித்து லேசாக அழுகிறான். சில விநாடியில் மறுபடியும் அதே குனிவு. "காலையில எழுந்ததும் இருபது தடவை சாமி கும்பிடுறான் டாக்டர்" என்றார் பாட்டி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், கேஸ் என்றேன், சொட்டு மருந்து எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பு இருந்த சிரிப்பு இல்லை. நின்றிருந்த தலை தோளில் சரிந்து கிடந்தது.

இதற்கு இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று பெயர், வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்வோம். இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்த மகனுக்கு இப்படித் தலை குனிந்து குனிந்து வருவதைக் கண்டு, 1841-ல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கே அதை "சலாம் வலிப்பு" என்று அழைத்தார்கள். நம் ஊர்ப் பாட்டி சொன்ன கும்பிடும் அதுவேதான். அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கவனித்துக் கேட்கவில்லை.

பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இது தொடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு சின்னத் தூக்கிவாரிப் போடல், அவ்வளவுதான். வாயில் நுரை வராது, கைகால் வெட்டி இழுக்காது. அதனால்தான் உரம் விழுந்திருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும், பல் முளைக்கிறது என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. இந்தப் பேச்சுக்காகப் பாட்டிகளிடம் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து மாதத்தில் புதிதாக வயிற்று வலி தொடங்குமா என்று யோசிக்காமல் சொட்டு மருந்து எழுதும் எங்கள் ஆட்களிடம்தான் கோபம். பச்சைக் குழந்தையின் வயிற்று வலி அழுகை மூன்று நான்கு மாதத்தில் ஓய்கிற விஷயம். அது ஓய வேண்டிய வயதில் புதிதாக ஒன்று ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டாமா?

தூக்கத்தையும் சேர்த்து ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் நோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, ஸ்டீராய்டு மருந்து, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து என்று சிகிச்சைகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. போன வாரம் வந்த ஆறு மாதப் பெண் குழந்தைக்கும் இதேதான். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், மறுநாள் சிகிச்சை தொடங்கிவிட்டது. அவள் இன்னும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

டாக்டர் முன்னால் நடித்துக் காட்டுவது

நடிக்க வேண்டாம், போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். முகமும் இரண்டு கைகால்களும் தெரியட்டும், போர்வையை விலக்கிவிடுங்கள். ஒரு நடுக்கம் முடிந்ததும் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். அடுத்தது வருகிறதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

சளிக்குக் கற்பூர எண்ணெய்

வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் அதுவே வலிப்பை வரவழைக்கும். சின்னக் குழந்தைகளுக்குத் தடவுவதும் ஆபத்துதான்.

என்ன சாப்பிடுகிறது என்று கேட்காமல் விடுவது

அம்மா சுத்த சைவம், பால் தயிரும் அதிகம் எடுப்பதில்லை. குழந்தைக்குப் பத்து மாதமாகியும் தாய்ப்பால்தான் முக்கிய ஆகாரம். குழந்தை வெளுத்திருக்கிறது, விரல் மூட்டுகள் கறுத்திருக்கின்றன, முடி செம்பட்டையாகிவிட்டது. உட்கார்ந்து விளையாடிய குழந்தை இப்போது உட்காருவதில்லை, சிரிப்பதும் குறைந்துவிட்டது. பிறகு தலையும் கையும் நடுங்கத் தொடங்குகின்றன, தூங்கினால் நின்றுவிடுகின்றன. நம் நாட்டில் இதைப் பார்த்தால் முதலில் பி12 வைட்டமின் குறைவைத்தான் நினைக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்து, பி12 கொடுத்தால் குழந்தை தேறிவரும். அம்மாவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் நடுக்கத்தையும் ஜன்னியையும் ஒன்றாகப் பார்ப்பது

குளிரில் நடுங்கும் குழந்தை அழும், உங்களைக் கட்டிக்கொள்ளும். வலிப்பு வந்த குழந்தையின் பார்வை நிலைகுத்தி நிற்கும், கூப்பிட்டால் காது கேட்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். காய்ச்சலோடு வரும் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சகஜம்தான். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே அடங்கும். அடங்கிய பிறகு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலமானாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தையாக இருந்தாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.