பெயரில் ஒளிந்திருக்கும் கண்சிமிட்டல்

பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸை முதல் தடவை கதைக்காக மட்டும் படியுங்கள். பெயர்களில் ஒளிந்திருக்கும் குறும்புகளைத் தேடுவதை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது நான் பென்சிலோடு உட்காருவேன்; தேவைக்கு மீறி விநோதமான பெயர் வந்தால் உடனே ஒரு அடிக்கோடு.

1979-இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’யில், வேற்றுக்கிரகவாசி ஒருவன் யாரும் சந்தேகப்படக் கூடாதென்று ஃபோர்டு ப்ரீஃபெக்ட் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். அது பிரிட்டனில் ஓடிய ஒரு கார்! அந்தக் காரைத் தெரியாதவருக்கு அது வெறும் பெயர்தான். அதனால் எழுத்தாளர் வாழ்ந்த ஊரின் வண்டிகள், கடைப் பலகைகளைத் தேடிப் பாருங்கள். எனக்கு அதிகம் அகப்பட்டது இந்த வழியில்தான். அடுத்த நாவலில் வரிக்காக ஓராண்டு செத்துக்கிடக்கும் ராக் இசைக்கலைஞர் ஹாட்பிளாக் டெசியாட்டோ. லண்டன் இஸ்லிங்டனில் அதே பெயரில் ஒரு வீட்டுத் தரகு நிறுவனம் இருந்தது. ஆடம்ஸ் வசித்த பகுதி அது.

பெயரின் பொருளையும் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் நாவல்களில் கில்கோர் ட்ரவுட் என்றொரு கற்பனை எழுத்தாளர் வருவார். ட்ரவுட் ஒரு மீன். ஸ்டர்ஜனும் மீன்தான்; தியோடர் ஸ்டர்ஜன் என்ற நிஜ எழுத்தாளரைப் பார்த்த கண்சிமிட்டல் அது.

ஆடம்ஸின் முதல் நாவலில் வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்குமான விடையாக வரும் 42-இல் மட்டும் ரகசியம் தேடாதீர்கள். சாதாரணமான ஒரு சின்ன எண் வேண்டுமென்று எடுத்ததாக ஆடம்ஸே சொல்லிவிட்டார்.