"நீ இரண்டாம் பகுதி, நான் மூன்றாம் பகுதி"

போன கிழமை முதலாம் வருடப் பிள்ளைகள் ஐந்து பேர் கன்டீனில் குழு ஒப்படையைப் பங்குபோடுவதைப் பார்த்தேன். ரோல்ஸ் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆளுக்கொரு பகுதி, வாட்ஸ்அப்பில் ஒரு குழு, "முடிச்சிட்டு அனுப்புங்கோ" என்று ஒரு குரல், அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு முன் நாங்களும் இப்படித்தான் கலைந்தோம், வாட்ஸ்அப் மட்டும் இல்லை.

பிந்தி வருவது, போனை எடுக்காமல் விடுவது, பெயரை மட்டும் போட்டுவிட்டு மறைவது எல்லாம் பிழை என்று அவர்களுக்கே தெரியும். அதை விடுவோம். பிழை என்றே தெரியாமல் செய்பவை இவை.

பங்குபோட்டுக் கடைசியில் ஒட்டுவது

எங்கள் ஒப்படை கிணற்றுத் தண்ணீர் பற்றியது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் மேலே செம்மண் தோட்டம், கீழே சுண்ணக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் பசளை மழையோடு இறங்கி, நிலத்தடி நீரில் நைத்திரேற்றாக (நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தது) சேரும். ஒருவன் முன்னுரை, ஒருவன் மாதிரி எடுத்த விதம், நான் அட்டவணை, ஒருத்தி ஒப்பீடு, ஒருத்தி முடிவுரை.

ஆய்வுகூடத்தில் வந்த பெறுமானங்கள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவுகள். நான் தலைப்பில் வெறுமனே 'நைத்திரேற்று' என்று போட்டேன். ஒப்பிட்டவள் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமை எடுத்தாள். அது முழு நைத்திரேற்றுக்கு உரிய எல்லை. நைதரசன் மட்டும் 14 மில்லிகிராம் என்றால் முழு நைத்திரேற்று 62. எங்கள் அட்டவணையில் 14 என்று அப்பாவியாக நின்ற கிணறு உண்மையில் எல்லையைத் தாண்டிய கிணறு. முடிவுரையில் 'குடிக்க உகந்தது' என்று வந்துவிட்டது. அந்த 50 என்ற எல்லையே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை நினைத்துப் போட்டது.

முன்வைப்பு அன்று விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்வி: "இது நைத்திரேற்றா, நைதரசனா?" ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தோம். பிறகு ஒரு குரல்: "அது இவற்ற பகுதி, சேர்." இந்த வசனத்தை இன்றைக்கும் வகுப்பில் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். முழுவதையும் திரும்பச் செய்யவைத்தார். சரியான தண்டனைதான்.

அட்டவணையை ஒப்பிட்டவளுக்கு நான் ஒருமுறை வாயால் விளங்கப்படுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிழை வெளியே வந்திருக்கும். குழு வேலையால் லாபம் என்று ஒன்று இருந்தால் அந்த ஐந்து நிமிடம்தான். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் அரன்சன் கொண்டுவந்த முறையிலும் பாடத்தைத் துண்டுபோட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டை மற்றவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும், சோதனை முழுப் பாடத்திலும் வரும். எங்கள் ஆட்கள் துண்டுபோடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆள் கூடினால் வேலை சுகம் என்று நினைப்பது

பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ரிங்கெல்மன், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் எழுதினார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியே இழுத்திருக்கக்கூடிய பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் வந்தது. நல்லூர்த் தேர் வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு (நானும் ஒருவன்) இது புதுக்கதை இல்லை. ஒப்படைக்கு நாலு பேர் காணும்.

கூட்டாளிகளை மட்டும் சேர்ப்பது

சண்டை வராது. பிழையும் பிடிபடாது.

ஸ்லைட்டுக்கு நிறம் தேடுவது

ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்விக்கு ஆள் ஒதுக்குவது

"முறை பற்றிக் கேட்டால் நீ சொல்லு, முடிவு பற்றிக் கேட்டால் அவள் சொல்லட்டும்." இந்த ஒத்திகை எனக்கு மனப்பாடம். அதனால் முன்வைப்புக்கு முதல்நாள் சீட்டுக் குலுக்கி, யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்று மாற்றிவிடுவேன். கன்டீனில் பார்த்த ஐந்து பேரும் என் வகுப்புத்தான். இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.