விமானிகள் வாய் திறந்தால் காது கொடுங்கள்: டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

"செயல்பாட்டுக் காரணங்களால் தங்கள் விமானம் ரத்து செய்யப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில், லண்டனிலிருந்து சென்னையில் வந்து இறங்கி, நாலு பெட்டியையும் வண்டியில் அடுக்கி உள்நாட்டு முனையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது இந்தக் குறுஞ்செய்தி வந்தது. மதுரை மட்டும்தான் பாக்கி. மறுநாள் காலையில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். கவுன்ட்டரில் இருந்த பையனிடம் "அது என்ன தம்பி செயல்பாட்டுக் காரணம்?" என்று கேட்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "க்ரூ இல்ல சார்."

விமானத்தில் பணிசெய்ய ஆள் இல்லை என்ற அந்த மூன்று சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாடகைக் கார் பிடித்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, தாம்பூலப் பை கொடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தெரிந்திருந்தால் காருக்கான காசாவது கைக்கு வந்திருக்கும்.

விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கும் சண்டையை நாம் பொதுவாக செய்தியில் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போவோம். ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் அப்படித் தள்ளக்கூடாது. விமானிகள் வெளிப்படையாக "ஆள் போதவில்லை, நிர்வாகம்தான் காரணம்" என்று சொன்னால், பயணத்துக்கு முன்னால் அது புயல் எச்சரிக்கை. பயணம் கெட்ட பிறகு அதுவே உங்கள் பக்கத்துச் சாட்சி.

2025 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருந்தது. இப்போது, ஒரு விமானி வாரத்தில் ஆறு முறை இரவில் தரையிறக்கலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. திடீரென்று வானத்திலிருந்து விழுந்த விதி இல்லை. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேலானவர்களைச் சுமக்கிற நிறுவனம் அது. இந்திய விமானிகள் கூட்டமைப்பு வெளிப்படையாகவே சொன்னது: இரண்டு வருட அவகாசம் இருந்தும் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள், எவ்வளவு குறைந்த ஆளை வைத்து ஓட்ட முடியுமோ அப்படி ஓட்டினார்கள், அதன் பலன்தான் இது. நிறுவனமும் தன் கணிப்பும் திட்டமிடலும் தவறிவிட்டன என்று ஒத்துக்கொண்டது. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை எகிற, அரசு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று: 500 கி.மீ. வரை 7,500 ரூபாய்.

இது இந்திய வியாதி மட்டும் இல்லை. 2017இல் ரையன்ஏர் விமானிகளின் விடுப்புக் கணக்கைக் குழப்பிக்கொண்டு முதலில் இரண்டாயிரம் விமானங்களையும், பிறகு குளிர்காலத்துக்கென்று இன்னும் 18,000 விமானங்களையும் ரத்து செய்தது. 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏறத்தாழ 16,900 விமானங்களை நிறுத்தியது. ஆரம்பித்து வைத்தது பனிப்புயல்தான். மற்ற நிறுவனங்கள் எழுந்து நின்ற பிறகும் அவர்களால் முடியவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்றே கணினிக்குத் தெரியவில்லை. பணி ஒதுக்கும் மென்பொருள் பழசு என்று வருடக்கணக்காகக் கத்துகிறோம் என்றது விமானிகள் சங்கம்.

பண்டிகைக் காலத்தில் மட்டும் ஏன் இப்படி? ஒரு விமானி இவ்வளவு மணி நேரம்தான் பறக்கலாம் என்று சட்ட வரம்பு உண்டு. ஐரோப்பாவில் ஒரு காலண்டர் வருடத்துக்கு 900 மணி. கோடையில் ஆளைப் பிழிந்துவிட்டால் டிசம்பரில் கணக்கில் மீதி குறைவு. எடுக்காத விடுப்பும் அப்போதுதான் குவிந்து நிற்கும். ஏர்பஸ் 320 ஓட்டுகிறவரை அவசரத்துக்கு போயிங்கில் ஏற்றவும் முடியாது. விமானத்துக்கு விமானம் தனித் தகுதி வேண்டும். ஆக, காத்திருப்பில் இருக்கும் விமானிகள் தீர்ந்துவிட்டால் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் கடையில் வாங்கிவர முடியாத சரக்கு இது.

சரி, நாம் என்ன செய்வது?

டிக்கெட் போடும் முன், நிறுவனத்தின் பெயரோடு "விமானிகள் சங்கம்" என்று சேர்த்து ஒரு முறை தேடிப் பாருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தது, வேலைநிறுத்த வாக்கெடுப்பு, கூட்டமாக உடல்நலமில்லை விடுப்பு, "ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) ஆளே இல்லை" என்ற கடிதம், இவற்றில் ஏதாவது கடந்த மூன்று மாதத்தில் இருந்தால் யோசியுங்கள். 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் விமானிகளின் சம்பளப் பிரச்சினை, மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் பணிப்பெண்களும் பணியாளர்களும் மொத்தமாக விடுப்பு. இரண்டுக்கும் முன்னாலேயே புகைச்சல் வெளியே தெரிந்தது.

பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். வேலைநிறுத்தம் அறிவித்த பிறகு வாங்கினால் "ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்: ஊர் வரைக்கும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், டிக்கெட் எடுங்கள். சென்னை வரை ஒன்று, மதுரைக்குத் தனியாக மலிவாக ஒன்று என்று நான் செய்ததைச் செய்யாதீர்கள். தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், இரண்டாவது ரத்தானாலும், லண்டனிலிருந்து கூட்டிவந்தவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. எனக்கு மதுரை டிக்கெட்டின் விலை மட்டும்தான் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, தலைக்கு 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுவந்தவருக்கு உள்நாட்டுத் தனி டிக்கெட்டில் 15 கிலோதான். மிச்சத்துக்கு அங்கேயே தராசில் வைத்துக் காசு வாங்குவார்கள்.

அதைவிட நல்லது, உள்நாட்டு விமானமே இல்லாமல் போவது. சிங்கப்பூர், கொழும்பு, துபாய் வழியாகத் திருச்சிக்கோ மதுரைக்கோ நேராக இறங்க முடியுமா என்று பாருங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் சென்னை வழியாகப் பலாலிக்குப் போவதென்றால், அந்தத் தடத்தில் பறப்பது சின்ன ஏ.டி.ஆர். விமானங்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான். ஒன்று ரத்தானால் அன்றைய நாள் போச்சு. நடுவில் ஒரு இரவு சென்னையில் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். டில்லி வழி, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வேண்டவே வேண்டாம். ஆள் பஞ்சத்தோடு பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாளின் முதல் விமானம் நல்லது. விமானம் முந்தின ராத்திரியே வந்து நிற்கும். பிந்தைய விமானங்களுக்குத்தான் நாள் முழுக்கச் சேர்ந்த தாமதம் வந்து விழும். கல்யாணம், கிரகப்பிரவேசம், கும்பாபிஷேகம் என்று தேதி மாற்ற முடியாத காரியம் என்றால் இரண்டு நாள் முன்னதாக இறங்குங்கள். என் மனைவி இதை அன்றைக்கே சொன்னாள், அது வேறு கதை.

ஒரு ரயில் டிக்கெட்டைக் கைவசம் வைப்பதும் கெட்டிக்காரத்தனம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தேவைப்படாவிட்டால் சில நாள் முன்னதாகவே ரத்து செய்தால் போவது சிறு தொகைதான். தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவுக்கு 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், அதனால் ஊரில் தம்பியையோ அத்தை பையனையோ போடச் சொல்லுங்கள். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போனால் தெற்கே போகும் ரயில்கள் பலவும் நிற்கும். பஸ் என்றால் கிளாம்பாக்கம்.

நம்மில் பலர் தெரிந்த ஏஜென்ட் அண்ணனிடம்தான் டிக்கெட் போடுவோம். தப்பில்லை. ஆனால் பதிவில் அவருடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தால், ரத்துச் செய்தி அவருக்குத்தான் போகும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் விமான நிலையத்தில் நிற்பீர்கள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

இனி, செய்தி வந்தேவிட்டது. வரிசையில் நில்லுங்கள், நின்றபடியே செயலியிலும் தொலைபேசியிலும் முயலுங்கள். எந்த வழி முதலில் திறக்கிறதோ அது. செயலியில் "பணத்தைத் திருப்பிப் பெறு" என்ற பொத்தான் பளிச்சென்று இருக்கும். பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கிளம்புகிறவர்கள் அவசரப்பட்டு அதை அழுத்தாதீர்கள். மாற்று விமானம் கேட்பது உங்கள் உரிமை. பணத்தை வாங்கிக்கொண்டால் உங்களை ஊரில் கொண்டு சேர்க்கிற கடமை அவர்களுக்கு அத்தோடு முடிந்தது. டிசம்பர் விலையில் புது டிக்கெட் உங்கள் தலையில். மாற்று விமானம் வேறு நாட்டு வழியாகப் போனால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அங்கே டிரான்ஸிட் விசா தேவையா என்று கேட்ட பிறகே தலையாட்டுங்கள். வவுச்சர் நீட்டினாலும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "செயல்பாட்டுக் காரணம்" என்பது காரணம் இல்லை. வானிலையா, இயந்திரக் கோளாறா, விமானி இல்லையா என்று மின்னஞ்சலிலோ அரட்டைப் பெட்டியிலோ கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புறப்பாட்டுப் பலகையையும் ஒரு படம். வானிலை சரியில்லை என்று சொல்கிறவர்களுக்கு, அதே நேரத்தில் அதே ஊருக்கு மூன்று விமானம் கிளம்பிப் போன படம் நல்ல பதில். விமானிகள் சங்கம் அந்த வாரம் விட்ட அறிக்கையையும் சேமித்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் உட்கார வைத்த பிறகு, பணி நேரம் முடிந்துவிட்டதால் ஓட்ட முடியாது என்று கேப்டனே அறிவிப்பதும் உண்டு. அவர்மேல் பாயாதீர்கள். உங்களுக்கு உண்மைக் காரணத்தைச் சொன்ன முதல் ஆள் அவர்தான், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், பணம் அந்தக் காரணத்தில்தான் தொங்குகிறது. லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் இரண்டு வாரத்துக்கும் குறைந்த அவகாசத்தில் ரத்தானால், அல்லது பல மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால், நபருக்கு 520 பவுண்டு வரை. பாரிஸ், சூரிக், ஆஸ்லோ என்றால் 600 யூரோ வரை. "அசாதாரணச் சூழல்" என்று நிரூபித்தால்தான் நிறுவனம் தப்பிக்கலாம், நிரூபிக்கும் பொறுப்பும் அதனுடையதே. ஆள் பற்றாக்குறை அசாதாரணம் இல்லை. விமானி உடல்நலமில்லாமல் வராததுகூட அசாதாரணம் இல்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. போகும்போது எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும். திரும்பும்போது பிரிட்டிஷ், ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். வளைகுடா நிறுவனத்தில் திரும்பி வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கனடாக்காரர்களுக்கு இரு திசைக்கும் விதி உண்டு. பெரிய நிறுவனம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேலான தாமதத்துக்கு 1,000 டாலர். "ஆள் இல்லாமல் பறப்பது பாதுகாப்பில்லை, அதனால் ரத்து" என்று சில நிறுவனங்கள் சாமர்த்தியம் காட்டின. ஆள் வைப்பது பொதுவாக நிறுவனத்தின் கையில் இருக்கிற விஷயம் என்று கனடாப் போக்குவரத்து முகமை 2022இல் தெளிவாக்கியது. ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். அமெரிக்காவில் இழப்பீடு கிடையாது, பயணத்தைக் கைவிட்டால் பணம் முழுதாகத் திரும்பும், அவ்வளவுதான்.

இந்திய உள்நாட்டு விமானத்துக்கும் விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முன்கூட்டியே சொல்லாமல் கடைசி 24 மணி நேரத்தில் ரத்து செய்தால், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, எது குறைவோ அது. டிக்கெட் பணம் தனி. ஆனால் காரணம் நிறுவனத்தின் கைக்கு மீறியதாக இருக்கக்கூடாது. கேட்டுக் கிடைக்காவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

சாப்பாட்டு ரசீது, டாக்ஸி ரசீது, போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கல்யாணப் பட்டுப்புடவையும் நகையும் மாத்திரையும் இருக்கிற அதே கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போடாதீர்கள். விமானம் ரத்தான பிறகு பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.